காவல்

‘கா’ என்ற வேர்ச்சொல்லில் பிறந்தவை காப்பு, காவல், காவலன். சங்க இலக்கியத்தில் காவலன் என்றால் அரசன். ஆறுமுகநேரிப் பக்கம் தோப்புக்கு ஆள் காவல், ஊருக்குச் சுடலைமாடன் காவல். அந்த ஊர் இருந்த பழைய திருநெல்வேலிச் சீமையில் காவல் ஒரு வரியும் கூட: பாளையக்காரர்கள் ‘திசைக்காவல்’ என்று ஊர்களிடம் பணம் வாங்கினார்கள். கிழக்கிந்தியக் கும்பெனி அந்த உரிமையைப் பறித்துக்கொண்டது. பிறகு 1859 போலீஸ் சட்டத்தோடு சென்னை மாகாணத்தில் சீருடைப் போலீஸ் வந்தது. ஊர் அமர்த்திய காவல், ஊரை அடக்கும் காவலானது அப்போதுதான் என்பேன்.

அமெரிக்கப் போலீசின் பூர்வீகம் வேறு. தெற்கு மாநிலங்களில் தப்பியோடிய கறுப்பின அடிமைகளைப் பிடிக்க அமைத்த ரோந்துப் படைகள் அதன் வேர்களில் ஒன்று. 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரரின் முழங்கால் அழுத்திக் கொன்றபோது அந்த நாடே தெருவுக்கு வந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 19 அன்று, ஆறுமுகநேரிக்குத் தென்மேற்கே சாத்தான்குளத்தில், கொரோனா ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கடைக்காரர் ஜெயராஜைப் போலீசார் பிடித்தார்கள். தேடிப்போன மகன் பென்னிக்ஸையும் விடவில்லை. இரவெல்லாம் அடி. இருவரையும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22ஆம் தேதி மகன் இறந்தார், மறுநாள் அப்பா. இங்கே நிறவெறி இல்லை, ஆனால் லத்தியின் துணிச்சல் அதேதான். பூட்டிய அறைக்குள் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி. காவலர் என்ற சொல் அவருக்குப் பொருந்தும்.