கூர்ப்புக் கொள்கையும் சமய வாதமும்

மனித குலம் எவ்வாறு தோன்றிற்று என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை கூறாத சமயம் இல்லை. அவ்விடையை ஆராயாத தத்துவமும் இல்லை. ஆயினும் அவ்வினா நீதிமன்றத்திற்கும் அரசியல் மேடைக்கும் பாடநூற் குழுவின் அறைக்கும் வந்து சேர்ந்தமை கடந்த நூற்றாண்டின் செய்தியாகும். சாள்ஸ் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் 1859 ஆம் ஆண்டு வெளிவந்தது. அன்று எழுந்த வாதம் இன்றும் அடங்கவில்லை. அவ்வாதத்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, அஃது உண்மையில் எப்பொருள் பற்றியது என்பது புலனாகும்.

இவ்வகை வாதம் ஈழத்தவர்க்குப் புதியதன்று. டார்வினுக்கு முப்பது ஆண்டு முன்னரே அறிவியலைப் படைக்கலமாகக் கொண்ட சமயப் போர் ஒன்று யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1829 மார்ச் 20 ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பஞ்சாங்கக் கணிதத்திற் புகழ்பெற்ற விசுவநாத சாத்திரியார் கணித்திருந்தார். வட்டுக்கோட்டைச் செமினறியின் தலைவராயிருந்த அமெரிக்க மிசனரி தானியேல் பூவர் அக்கணிப்பிற் பிழையுண்டெனக் காட்டி, மேனாட்டு முறைப்படி வேறொரு கணிப்பை வெளியிட்டார். கிரகணம் பூவரின் கணிப்பின்படியே நிகழ்ந்தது. பஞ்சாங்கம் பிழைத்தது என்பதை எவரும் மறுத்தல் இயலாது. ஆனால், பஞ்சாங்கம் பிழைத்தமையாற் சைவமும் பொய்யென மிசனரிமார் முடிபு கூறியபோது அளவை நெறி வழுவிற்று. கிரகணத்தின் நேரம் வேறு; பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளின் உண்மை வேறு. ஒன்றை அளக்கும் கோலால் மற்றொன்றை அளத்தல் ஆகாது.

இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. புராணப் பூகோளத்தைத் தகர்க்க மிசனரிமார் எடுத்த அதே வாள், 1859 இன் பின் விவிலியத்தின் ஆறு நாட் படைப்பை எழுத்துக்கு எழுத்து நம்பியோர் மீதே திரும்பியது. அறிவியல் எச்சமயத்தின் ஏவலாளும் அன்று. இன்று நம் பக்கம் நிற்பதாகத் தோன்றும் அது நாளை நம்மையே வினவும்.

1873 ஓகத்து 26 ஆம், 28 ஆம் நாள்களிற் பாணந்துறையில் நிகழ்ந்த பௌத்த - கிறித்தவ வாதமும் ஈண்டு நினைத்தற்குரியது. மீகெட்டுவத்தே குணானந்த தேரர் ஒருபுறமும், தாவீது டி சில்வா பாதிரியார் மறுபுறமும் நின்று ஆயிரக்கணக்கான மக்கள் முன் வாதிட்டனர். மேருமலை உண்டோ இல்லையோ என்னும் வினா எழுந்தபோது, நியூட்டனை மறுத்து மொறிசன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூலொன்றைத் தேரர் சான்றாகக் காட்டினார். மக்களின் ஆரவாரம் தேரர் பக்கமே இருந்தது. எனினும் நியூட்டனின் விதிகள் பாணந்துறைக் கூட்டத்தின் கரவொலிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. மக்கள் திரள் ஒரு தலைவரைத் தெரிவு செய்யலாம். ஓர் இயற்கை விதியைத் தெரிவு செய்தல் இயலாது. அவ்வாதத்தின் விளைவு அறிவியலில் அன்றிச் சமூகத்திலேயே தோன்றிற்று. அவ்வாதத்தின் அறிக்கை ஒல்கொட் அவர்களை ஈர்த்தது; அவர் 1880 இல் இலங்கைக்கு வந்தார்; பௌத்த பாடசாலைகள் பெருகின. சமய மறுமலர்ச்சி காலப்போக்கில் அரசியல் வலிமையாயிற்று. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளித்தமை அந்நெடும் பாதையில் ஒரு மைல்கல் எனலாம்.

இனி அமெரிக்க நாட்டை நோக்குவோம். தெனசி மாநிலம் 1925 இல், விவிலியம் கூறும் படைப்பை மறுத்து மனிதன் கீழ்நிலை உயிரிலிருந்து தோன்றினான் எனக் கற்பித்தலைத் தடை செய்தது. அவ்வாண்டு யூலை மாதம் டேற்றன் என்னும் சிற்றூரில் யோன் ஸ்கோப்ஸ் என்னும் இளம் ஆசிரியர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவருக்காகக் கிளாரன்ஸ் டாறோவும், அரசுக்காக மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலிற் போட்டியிட்ட வில்லியம் யெனிங்ஸ் பிறையனும் வாதிட்டனர். ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1927 இல் மேன்முறையீட்டு மன்றம் தண்டம் விதித்த முறையிற் கண்ட தவறு காரணமாகத் தீர்ப்பை நீக்கிற்று, சட்டத்தை நீக்கவில்லை. அச்சட்டம் 1967 வரை நின்றது. உலகம் டாறோவின் வாதத் திறனை வியந்து பேசிற்று. ஆனால், அவ்வழக்கில் அடிபட்ட உயிரியற் பாடநூலே அடுத்த பதிப்பிற் கூர்ப்பு என்னும் சொல்லை விலக்கிக்கொண்டது. மேடையில் வென்ற கருத்து வகுப்பறையில் தோற்றது. பின்னர் 1968, 1987 ஆம் ஆண்டுகளின் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளும், 2005 இற் பென்சில்வேனியாவில் வழங்கப்பட்ட தீர்ப்புமே, சமயப் படைப்புக் கொள்கையை அறிவியல் என்னும் பெயரால் அரசினர் பாடசாலையிற் கற்பித்தல் ஆகாது என நிலைநாட்டின.

இது கிறித்தவ நாட்டின் சிக்கல் மட்டுமே என எண்ணுவார் உளர். அவ்வாறன்று. இந்தியாவில் 2018 சனவரியில், மத்திய கல்வித் துறை இணையமைச்சராயிருந்த சத்தியபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எவரும் கண்டதில்லை எனவும், டார்வினின் கொள்கையைப் பாடத்திட்டத்தினின்று மாற்றுதல் வேண்டும் எனவும் பேசினார். நாட்டின் மூன்று அறிவியற் கழகங்களும் ஒன்றுகூடி அக்கூற்றை மறுத்தன. ஆயினும் கொரோனாக் காலத்துப் பாடச்சுமையைக் குறைத்தல் என்னும் காரணங் காட்டிப் பத்தாம் வகுப்பு நூலினின்று கூர்ப்புப் பகுதி நீக்கப்பட்டது. 2023 ஏப்பிரலில் 1,800 இற்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் அதனை மீட்குமாறு வேண்டினர். பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் உண்டு என்பது மெய்யே. ஆனால், பத்தாம் வகுப்பின் பின் உயிரியலைக் கைவிடும் பெரும்பாலான மாணவர் அதனைக் காணார். அறிவியல் மனப்பான்மையை வளர்த்தல் குடிமகனின் கடமையென 1976 இல் அரசியலமைப்பிலே எழுதிய நாட்டில் இது நிகழ்ந்தது.

இசுலாமிய உலகிலும் கருத்து ஒரு தன்மைத்தாய் இருந்ததில்லை. யமாலுத்தீன் ஆப்கானி இந்தியாவில் இருந்தபோது டார்வினைக் கடிந்து எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளின் பின் 1888 இல், சிரிய அறிஞர் உசைன் அல் யிசிர், கூர்ப்பு ஐயமற நிறுவப்படுமாயின் மறை வசனங்களை அதற்கேற்ப விளக்குதல் தகும் என எழுதினார். 2017 இல் துருக்கி அரசு உயர்நிலைப் பள்ளிப் பாடத்தினின்று அதனை நீக்கியமையை ஒரு சமயத்தின் தீர்ப்பாகக் கொள்ளாது ஓர் அரசின் தீர்மானமாகக் கொள்வதே நேர்மை.

இந்து சமயத்தவராகிய நாம் வேறொரு பிழைக்கு ஆளாகின்றோம். டார்வினை மறுப்பதினும், டார்வின் கூறியதை எம் முன்னோர் முன்னரே கூறினர் எனப் பெருமை கொள்ளுதலே நம்மிற் பெருவழக்கு. பத்து அவதாரங்களும் மீன் முதல் மனிதன் வரையிலான உயிர் வளர்ச்சியைக் காட்டுவன என்னும் கருத்தைப் பிளவற்ஸ்கி அம்மையார் 1877 இலேயே எழுதினார். திருவாசகத்துச் சிவபுராணம் புல் முதலாகிய பிறவிகளைக் கூறுதலையும் இதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆராய்ந்து பார்ப்பின் இவை இரு வேறு பொருள் என்பது தெளிவாகும். மணிவாசகர் கூறுவது ஒரே உயிர் வினைவயத்தாற் பல உடம்புகளில் உழன்று வீடு நோக்கிச் செல்லும் பயணம். டார்வின் கூறுவதோ, ஓரினத்தின் எண்ணற்ற உறுப்பினரிடையே உள்ள சிறு வேறுபாடுகளுட் சூழலுக்கு இயைந்தவை தலைமுறை தோறும் பெருகுதல். முன்னதற்கு நோக்கம் உண்டு, பின்னதற்கு இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் அறிவியலுக்கும் இழுக்கு, திருவாசகத்திற்கும் இழுக்கு.

சொற்களும் நம்மை மயக்குவன. தமிழிற் கட்சியின் நிலைப்பாடும் கொள்கை எனப்படும். சமய நம்பிக்கையும் கொள்கை எனப்படும். சான்றுகளாற் பலமுறை சோதிக்கப்பட்ட அறிவியல் விளக்கமும் கொள்கை எனப்படும். ஆகவே, ‘அது வெறும் கொள்கைதானே’ என்னும் பேச்சு எளிதில் எழுகின்றது. கூர்ப்பு என ஈழத்துப் பாடநூல்கள் வழங்கும் சொல்லும் அத்தகையதே. தொல்காப்பிய உரியியல், உள்ளது மேலும் சிறத்தலைக் குறிக்கும் சொற்களுள் அதனை வைத்தது. உயிரினங்கள் யாவும் மேன்மையை நாடி ஏறுகின்றன என்னும் எண்ணத்தை அச்சொல் தரக்கூடும். இயற்கைத் தேர்வு அத்தகைய ஏணி அன்று. கண்ணிழந்து குகையில் வாழும் மீனும் அதன் விளைவே. குரங்கு மனிதனாயிற்று என்பதும் டார்வினின் கூற்று அன்று. மனிதனும் சிம்பன்சியும் பல இலட்சம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையின் இரு கிளைகள் என்பதே உயிரியலார் முடிபு.

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எனத் தெற்கே செல்லும் கரையோரச் சாலையிற் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்வூர்களின் மாணவர் கூர்ப்புப் பாடத்தைத் தமிழிலே கற்று ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர். ஒரு சமயத்தின் படைப்பு வரலாறு பாடநூலில் இடம் பெறுமாயின், அது எச்சமயத்தினது என்னும் வினா மறுநாளே எழும். எண்ணிக்கையிற் பெரியோரின் விடையே நூலில் அமரும். ஏனையோர் தம் வீட்டு நம்பிக்கையைப் பரீட்சை மண்டப வாயிலிற் கழற்றி வைத்தல் நேரும். சமயத்தை வகுப்பறைச் சட்டமாக்குவோர் தம் சமயமே என்றும் பெரும்பான்மையாய் இருக்கும் என எண்ணுகின்றனர். சிறுபான்மையினராய் வாழும் நமக்கு அவ்வெண்ணம் தகாது. பாடநூலைச் சான்றுகளுக்கு விடுதல் நம் சமயத்திற்கும் அயலவர் சமயத்திற்கும் ஒருங்கே அரண் ஆகும்.

அச்சாலை சென்றடையும் காரைதீவிலே 1892 இற் பிறந்தவர் விபுலானந்த அடிகள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராய் விளங்கிய அவர் 1924 இல் துறவு பூண்டார். துறவின் பின்னும் விஞ்ஞானத்தைத் துறந்தாரல்லர். 1936 இற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, அறிவியல் தமிழில் வழங்குதற்கு வழி வகுத்தார். காவியுடையும் ஆய்கூடமும் ஒருவரிடத்தே பகையின்றி வாழ்ந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

உயிர் உடம்பெடுத்த முறையை ஆராய்வது அறிவியலின் கடன். எடுத்த உடம்பால் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்பதைக் கூறுவது சமயத்தின் கடன். அவ்விரண்டிற்கும் இடையே வேலி இட வேண்டியது அரசின் கடன். அவ்வேலியைக் காக்க வேண்டியது கற்றோர் கடன். நாளை ஆசிரியராகவும் பாடநூல் ஆக்குவோராகவும் வரவிருக்கும் மாணவர் இதனை நெஞ்சில் இருத்துவாராக.