பெரியாஸ்பத்திரி 'போதனா' ஆன கதை

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி 1850இல் தொடங்கியது. அரசாங்க அதிபர் டைக் முன்நின்று தொடக்கி வைத்தது. 1907இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. ஆனா அது போதனா வைத்தியசாலை ஆக 1978 வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கட்டிலும் கட்டிடமும் இருந்தா ஆஸ்பத்திரி நடக்கும் எண்டு சனம் நினைக்குது. இரவு 2 மணிக்கு வாட்டில ஆர் நிக்கிறது?

இந்தக் கேள்வியோட மல்லுக்கட்டினவர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர். மானிப்பாயில் வைத்தியமும் பார்த்து, பெடியளுக்குப் படிப்பிச்சும் விட்டார். முதல்ல இங்கிலீசில. படிச்சு முடிச்சவை அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போச்சினம். ஊரில ஆளில்லை. 1864இல் தமிழில் படிப்பிக்கத் தொடங்கினார்; தமிழில் படிச்சவன் ஊரில நிப்பான் எண்ட கணக்கு. புத்தகம் வேணுமே? மொழிபெயர்த்தார்கள். கிறேயின் அனற்றமி 'மனுஷ அங்காதிபாதம்' எண்டு 1872இல் வந்தது. (நாங்கள் இங்கிலீசிலயே முழி பிதுங்கின புத்தகம்!)

அடுத்த வருசம் அவர் நாடு திரும்பினார். பிறகு நூறு வருசத்துக்கு மேல, எங்கட பிள்ளை டொக்டராக வாறதெண்டா பெரும்பாலும் கொழும்பு. 1962இலிருந்து பேராதனையும்.

1978இல்தான் யாழ். மருத்துவ பீடம். ஆரம்ப வகுப்புகள் கைதடியில், கிளினிக்கல் படிப்பு பெரியாஸ்பத்திரியில். மாணவர் வந்தா கூடவே பேராசிரியர் வருவார், விரிவுரையாளர் வருவார், பயிற்சி டொக்டர்மார் வருவினம். கட்டிலடியில பத்துப் பேருக்கு முன்னால "ஏன் இந்த மருந்து?" எண்டு கேட்பினம். பதில் தெரிஞ்சுதான் மருந்து எழுத வேணும். நோயாளிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

ஒன்பது வருசத்தில போர் வாட்டுக்குள்ளயே வந்தது. 1987 ஒக்டோபர் 21, 22இல் இந்திய அமைதிப்படை ஆஸ்பத்திரிக்குள் டொக்டர்மாரையும் தாதியரையும் நோயாளரையும் சுட்டுக் கொன்றது. 1989இல் அனற்றமி துறைத் தலைவர் ரஜனி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுப் போச்சினம்.

பீடம் நிரந்தரமா மூடுப்படேல்ல. பட்ஜுகள் வருசக் கணக்கில இழுபட்டுத்தான் வெளியே வந்தன. ஆனா வந்தன. 1978இல் தொடங்காமல் இன்னும் பத்து வருசம் தள்ளிப் போட்டிருந்தா, அந்தச் சண்டைக்குள்ள ஆர் வந்து புதுசாத் தொடங்கியிருப்பினம்?

இப்ப படிச்சு முடிக்கிற பிள்ளையள் பிளேன் ஏறுகினம். கிறீன் 1864இல் பார்த்த அதே கணக்கு. இந்தமுறை மொழியை மாத்தி மறிக்கேலாது.