ஊர் ஊராகக் கேட்டு எழுதிய சட்டம்

மெக்சிகோ நகரிலிருந்து புவேப்லா, வஹாகா வழியாகச் சியாபாஸ் மலைகள்வரை தோழிகளுடன் காரில் போனேன். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான சாலை. இரவுகளில் தோழிகளுக்குத் தெரிந்தவர்களின் வீடுகளில் தங்கினோம். சான் கிறிஸ்தோபல் சந்தையில் பழங்குடிப் பெண்கள் விற்ற துணிப் பொம்மைகளில் ஒன்று, முகமூடி அணிந்த பெண். அதுதான் ரமோனா.

அவரை அறிந்தால்தான் அந்த மலைப்பகுதியின் பெண் வரலாறு பிடிபடும். சோட்சில் மொழி பேசியவர். பூத்தையல் அவருடைய தொழில். ஸ்பானிய மொழி அதிகம் வராது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1994 ஜனவரி 1 அன்று, சபாட்டிஸ்டா படை சான் கிறிஸ்தோபலைக் கைப்பற்றியபோது அதன் தலைவர்களில் ஒருவராக இருந்தார். 'பெண்களின் புரட்சிச் சட்டம்' வெளியானதும் அந்த நாளில்தான்.

ஆனால் அந்தச் சட்டம் 1993 மார்ச்சிலேயே இயக்கத்துக்குள் ஏற்கப்பட்டுவிட்டது. ரமோனாவும் சுசானாவும் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கேட்டார்கள். கிடைத்த பதில்கள் 10 விதிகளாயின. எத்தனை பிள்ளை என்பதைப் பெண்ணே தீர்மானிக்கலாம். துணையை அவளே தேர்ந்தெடுக்கலாம். வேலைக்கு நியாயமான கூலி, படிப்பு, ஊர்ப் பொறுப்பு எல்லாம் அவளுக்கும் உண்டு. உறவினரோ அந்நியரோ அவளை அடிக்கக் கூடாது.

இவ்விதிகளை நான் வரலாற்று ஆவணமாகவே வாசிக்கிறேன். எழுதப்படாத பெண் வாழ்வு இதில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. கட்டாயக் கல்யாணம் இல்லாத ஊரில் அதைத் தடுக்க விதி எதற்கு? ஆயுதப் போருக்கு முன்பே, தங்கள் வீட்டு ஆண்களோடு நடந்த போர் இது. இயக்கத்தின் முதல் கிளர்ச்சி 1993 மார்ச்சில் பெண்கள் நடத்தியதுதான் என்று மார்கோஸ் பின்னர் எழுதினார்.

பழங்குடிகளுக்குச் சுயாட்சி கொடுத்தால் அவர்களுடைய வழக்கங்கள் பெண்களை நசுக்கும் என்பது அரசியல்வாதிகளின் வாதமாக இருந்தது. பெண்ணுரிமை அவர்களுக்கு வசதியான சாக்கு. 2001 மார்ச் 28 அன்று மெக்சிகோ நாடாளுமன்றத்தில் எஸ்தர் அதற்குப் பதில் சொன்னார். ஊர் வழக்கங்களில் தீயவை உண்டு, அவற்றை நாங்களே மாற்றிக்கொண்டிருக்கிறோம். எங்களை ஒதுக்கிவைப்பது இப்போதுள்ள சட்டம்தான் என்பது அவர் பேச்சின் சாரம். சாதியா பாலினமா, இனமா பெண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லப்படும் எந்தப் பெண்ணுக்கும் பயன்படும் பதில் அது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அந்தச் சுயாட்சி மசோதாவை நீர்க்கச் செய்து நிறைவேற்றியது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவத்திலும் உணவிலும் முதலிடம் என்கிறது 5-ஆம் விதி. பல ஆண்டுகள் சிறுநீரக நோயோடு வாழ்ந்த ரமோனா, 2006 ஜனவரி 6 அன்று ஊரிலிருந்து சான் கிறிஸ்தோபலுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார்.