சிவப்புக் கோட்டிடம் கேட்ட கேள்வி

2020 ஏப்ரல் 16 அன்று சீனாவின் குவாங்சோ விமான நிலையத்திலிருந்து ஒரு சரக்கு இந்தியாவுக்குக் கிளம்பியது. மொத்தம் ஆறரை லட்சம் கொரோனா பரிசோதனைக் கிட்கள். பெய்ஜிங்கில் இருந்த இந்தியத் தூதர் விக்ரம் மிஸ்ரியே இதை ட்விட்டரில் அறிவித்தார். மருந்துப் பெட்டிகள் விமானம் ஏறுவதைத் தூதர் ஊருக்குச் சொல்வது வழக்கமில்லை. ஆனால் அது வழக்கமான மாதமில்லை. நாடே வீட்டுக்குள் இருந்தது. ஏப்ரல் 14-இல் முடிந்திருக்க வேண்டிய ஊரடங்கு மே 3 வரை நீண்டிருந்தது. கதவை எப்போது திறப்பது என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பெட்டிகளில் வருவதாக எல்லோரும் நம்பினார்கள்.

அவற்றில் ஒரு லட்சம், பிசிஆர் சோதனைக்கு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க உதவுபவை. மீதி ஐந்தரை லட்சம்தான் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கப் பேசிய 'ரேபிட் கிட்'. குவாங்சோவின் வோண்ட்ஃபோ, ஜூஹாயின் லிவ்சோன் ஆகிய நிறுவனங்களின் தயாரிப்பு.

பார்வைக்கு அது விரல் நீளத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் உறை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்தவர்களுக்கு இதுவும் பழகிய பொருள்தான். உள்ளே இருக்கும் நுட்பமும் ஒன்றுதான். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் குழியில் விட்டு, மேலே கரைசலைச் சொட்டினால், தாள் பட்டையில் ரத்தம் ஊறி நகரத் தொடங்கும். வழியில் தங்கத்தின் நுண்துகள்கள் காய்ந்த நிலையில் இருக்கும். அவற்றின் மேல் கொரோனா வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். ரத்தத்தில் அந்தப் புரதத்தை அடையாளம் காணும் எதிரணு, அதாவது ஆன்டிபாடி இருந்தால், துகளைப் பற்றிக்கொண்டு அதோடு சேர்ந்து நகரும். சற்றுத் தள்ளி இரண்டு இடங்களில் மனித எதிரணுக்களைப் பிடித்து நிறுத்தும் கோடுகள் உண்டு: ஒன்று ஐஜிஎம் வகைக்கு, இன்னொன்று ஐஜிஜி வகைக்கு. துகள்கள் அங்கே குவியக் குவியக் கோடு சிவக்கும். அந்தச் சிவப்பு சாயமல்ல, தங்கம்; அவ்வளவு சிறியதாக நொறுங்கிய தங்கம் அப்படித்தான் தெரியும். கடைசியில் 'சி' என்று ஒரு கோடு. அது சிவக்காவிட்டால் கிட்டே பழுது. எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சோதனையில் எங்குமே வைரஸைத் தேடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வைரஸுக்கு உடம்பு கொடுத்த பதிலைத் தேடுகிறோம். அந்தப் பதில் உடனே வருவதில்லை. அறிகுறி தொடங்கி ஒரு வாரம் ஆகும் வாக்கில் ஐஜிஎம் தலைகாட்டும், ஐஜிஜி பெருக இன்னும் நாளாகும். 2020 ஜூனில் காக்ரேன் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. எதிரணுச் சோதனைகள் அறிகுறியின் முதல் வாரத்தில் தொற்றுள்ளவர்களில் 30 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடித்தன. இரண்டாவது வாரத்தில் 72, மூன்றாவது வாரத்தில் 91. கொரோனா மற்றவருக்கு அதிகம் பரவுவதோ அறிகுறிக்கு ஓரிரு நாள் முன்பிருந்து முதல் சில நாட்கள் வரை. ஒருவர் ஊருக்கெல்லாம் பரப்பிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் இந்தக் கிட் அவரைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லும் வாய்ப்புதான் அதிகம்.

வைரஸைத் தேடும் சோதனை வேறு. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு மாதிரி எடுத்து, ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதை டி.என்.ஏ.வாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கி நாற்பது சுற்றுவரை பார்ப்பது ஆர்டி-பிசிஆர். நம்பகமானது, ஆனால் ஆய்வகமும் பயிற்சி பெற்ற ஆட்களும் பல மணி நேரமும் வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வேலை தொடங்கியது கிண்டி கிங் நிலையத்தில். 1899-இல் தொடங்கிய அந்த நிலையத்தின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று அம்மைத் தடுப்பூசிக்கான மருந்து தயாரிப்பது. ஏப்ரல் 2020-இல் அங்கே மாதிரிகள் குவிந்துகொண்டிருந்தன. கால்மணி நேரத்தில் விடை என்றதும் அதிகாரிகளுக்கு ஆசை வந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ்நாடு லட்சக்கணக்கில் கிட் கேட்டிருந்தது. அது வந்து சேருவதற்குள் ஒரு நாடகம்: நமக்கு வரவேண்டிய சரக்கு அமெரிக்காவுக்குத் திருப்பிவிடப்பட்டதாகத் தலைமைச் செயலாளர் க. சண்முகம் சொன்னார். கடைசியில் ஏப்ரல் 17-இல் 24,000 கிட்கள் சென்னைக்கு வந்தன. சேலம் உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டன. அதற்குள் விலை விவகாரம் வெடித்தது. தமிழ்நாடு ஒரு கிட்டை 600 ரூபாய்க்கு வாங்க, சத்தீஸ்கர் கொரிய நிறுவனத்தின் கிட்டை 337 ரூபாய்க்கு வாங்கியிருந்தது. மத்திய அரசின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) தந்த விலையும் 600தான் என்பது மாநில அரசின் பதில். பிறகு இறக்குமதி செய்தவருக்கும் விநியோகஸ்தருக்கும் இடையிலான வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அந்தக் கிட் இந்தியாவில் வந்து இறங்கிய விலை 245 ரூபாய் என்பது வெளியே வந்தது. 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. கொள்ளைநோய்க் காலத்திலும் தரகு மட்டும் ஊரடங்கில் இல்லை.

விலையைவிடப் பெரிய அடி ராஜஸ்தானில் விழுந்தது. ஏற்கெனவே தொற்று உறுதியானவர்களிடம் சோதித்ததில் கிட் 5.4 சதவீதம்தான் சரியாகச் சொன்னது. 90 எதிர்பார்த்தோம் என்றார் அந்த மாநிலத்தின் சுகாதார அமைச்சர். ஏப்ரல் 21-இல் ஐசிஎம்ஆரின் ராமன் கங்காகேட்கர், சில மாநிலங்களில் இருந்து வந்த முடிவுகள் 6 சதவீதத்தில் இருந்து 71 சதவீதம் வரை சிதறிக் கிடப்பதாகச் சொல்லி, இரண்டு நாள் கிட்டைத் தொட வேண்டாம் என்றார். ஏப்ரல் 27-இல் கடிதமே வந்தது: இரண்டு நிறுவனங்களின் கிட்களையும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், திருப்பி அனுப்புங்கள். முன்பணம் தரவில்லை, அரசுக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை என்றது மத்திய அரசு. தமிழ்நாடும் தன் 24,000 கிட்களைத் திருப்புவதாகவும் மீதி ஆர்டரை ரத்து செய்வதாகவும் அறிவித்தது. தங்கள் பொருள் தரமானது என்று சீன நிறுவனங்கள் வாதாடின. சீனத் தூதரகம் கவலை தெரிவித்தது.

தரம் சரியில்லையா, கேட்ட கேள்வி சரியில்லையா? என் கணிப்பில் இரண்டும். ஒரே கிட் ஓரிடத்தில் 6, இன்னோரிடத்தில் 71 என்று காட்டினால் அதை நோயாளிகளின் நாள்கணக்கை மட்டும் வைத்து நியாயப்படுத்த முடியாது. ஆனால் முதல்தரக் கிட்டாக இருந்திருந்தாலும், தொற்று பிடித்த மூன்றாம் நாளில் ஒருவரை அதனிடம் நிறுத்தி 'இவருக்குக் கொரோனா உண்டா?' என்று கேட்டால் அது தடுமாறத்தான் செய்யும். ஐசிஎம்ஆரின் வழிமுறையிலேயே இது இருந்தது: காய்ச்சல், இருமல் வந்து ஏழு நாள் கடந்தவர்களுக்குத்தான் இந்தச் சோதனை. அவசரத்தில் அந்த வரியை யார் படித்தார்கள்? இந்தியா மட்டும் ஏமாறவில்லை. இரண்டு சீன நிறுவனங்களிடம் பிரிட்டன் இரண்டு கோடி டாலருக்கு வாங்கிய இருபது லட்சம் கிட்களும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில் தேறவில்லை.

கிட் திரும்பிய அதே வாரத்தில் சென்னையின் கோயம்பேடு சந்தையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும், முந்தைய நாள் கடைகளில் கூட்டம் நெருக்கியடித்தது. அடுத்த நாட்களில் கோயம்பேடு சந்தை தொற்றின் மையமானது. மே 5-இல் மூடப்பட்டது. அதற்குள் சுமைதூக்குபவர்களும் வியாபாரிகளும் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்பியிருந்தார்கள். வாசலில் ரேபிட் கிட் வைத்து 'கோடு இல்லை, போகலாம்' என்று அவர்களை அனுப்பியிருந்தால், ஊர்களுக்குப் போன தொற்று ஒரு சான்றிதழோடு போயிருக்கும்.

சான்றிதழ் என்ற யோசனை வெறும் கற்பனையல்ல. குணமானவர்களுக்கு அட்டை தரப்போவதாக சிலி அறிவித்தது; எதிரணு உள்ளவர்களை வேலைக்கு அனுப்பலாம் என்று ஐரோப்பாவிலும் பேசினார்கள். எதிரணு இருந்தால் மறுபடி தொற்றாது என்பதற்கு இதுவரை ஆதாரமில்லை என்று ஏப்ரல் 24-இல் உலக சுகாதார நிறுவனம் குறுக்கிட்டது.

இதில் இன்னொரு கணக்குச் சிக்கலும் உண்டு. பத்திரிகைகள் பெரிதாக எழுதாதது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2020 மே-ஜூனில் ஐசிஎம்ஆர் நாடு முழுக்க 28,000 பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் 0.73 சதவீதம் பேருக்குத்தான் தொற்று வந்துபோயிருந்தது. ஆயிரம் பேரில் ஏழு. இப்போது நூற்றுக்கு ஐந்து முறை மட்டும் தவறாகக் கோடு காட்டும் ஒரு கிட்டை அந்த ஆயிரம் பேரிடம் வைத்தால், உண்மையான ஏழு கோடுகளோடு ஐம்பது பொய்க் கோடுகளும் வரும். 'எனக்கு எதிரணு வந்துவிட்டது' என்று முகக்கவசத்தைக் கழற்றும் ஐம்பத்தேழு பேரில் ஐம்பது பேருக்கு ஒன்றுமே வந்திருக்காது. நோய் அரிதாக இருக்கும் ஊரில் 95 சதவீதத் துல்லியம் என்பது இந்த லட்சணம்தான்.

அந்த ஆய்வுக்கு ஐசிஎம்ஆர் ரேபிட் கிட்டைத் தொடவில்லை. புனே தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கிய 'கோவிட் கவச்' என்ற எலிசாவை, அதாவது ஆய்வகத்தில் செய்யும் எதிரணுச் சோதனையைப் பயன்படுத்தியது. அதில் பாசிட்டிவ் வந்தவர்களின் ரத்தத்தை வேறொரு எலிசாவிலும் சரிபார்த்தது. தேடுவது அதே எதிரணுதான். கேள்வி மட்டும் மாறியது: 'இவருக்கு இப்போது நோயா?' என்பதற்குப் பதில், 'இந்த ஊரில் இதுவரை எத்தனை பேருக்கு வந்துபோனது?' அதற்கு எதிரணு அருமையாகப் பதில் சொல்லும். மே தொடக்கத்துக்குள் நாட்டில் சுமார் 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்றியிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. ஜூலையில் சென்னை மாநகராட்சி 12,405 பேரைச் சோதித்ததில் 21.5 சதவீதம் பேருக்கு எதிரணு இருந்தது. நகரில் அப்போது அதிகாரபூர்வ எண்ணிக்கை ஒரு லட்சத்தை ஒட்டியிருந்தது. ஐந்தில் ஒருவருக்கு வந்துபோனதும், நான்கு பேர் இன்னும் காத்திருந்ததும் ஒரே எண்ணில் தெரிந்தன. தளர்வுகளை எவ்வளவு வேகமாகத் தரலாம் என்று யோசிப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் தமிழ்நாடு பிசிஆரையே பிடித்துக்கொண்டது. ஜூனில் ஐசிஎம்ஆர் வைரஸின் புரதத்தைத் தேடும் ரேபிட் ஆன்டிஜென் சோதனைக்கு அனுமதி தந்தபோது டெல்லி அதற்கு மாறியது, தமிழ்நாடு மாறவில்லை. சில மாதங்களில் இங்கே ஆய்வகங்கள் நூற்றைத் தாண்டின. ஏப்ரலில் பட்ட சூடு இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். பிசிஆரிலும் குறை உண்டு: செத்த வைரஸின் துணுக்குகளையும் அது வாரக்கணக்கில் பாசிட்டிவ் என்று காட்டும். லேசான நோயாளிகளை மறுசோதனை இல்லாமலே பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று மே மாதம் விதி மாறியதற்கு இதுவும் காரணம்.

2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி வந்ததும் எதிரணுக் கணக்கு மறுபடி குழம்பியது. கோவிஷீல்டு வைரஸின் முள்முனைப் புரதத்தை மட்டும் உடம்புக்கு அறிமுகப்படுத்துகிறது. செயலிழந்த முழு வைரஸால் ஆன கோவாக்சின் உள்புரதத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. கோவிஷீல்டு போட்டவரிடம் உள்புரதத்துக்கான எதிரணு இருந்தால் நோயும் வந்துபோனது என்று ஊகிக்கலாம். கோவாக்சின் போட்டவரிடம் அந்த வழியும் அடைபட்டது. 2021 ஜூன்-ஜூலை மாநில ஆய்வில் 66 சதவீதம் பேருக்கு எதிரணு இருந்தது, விருதுநகரில் 84, ஈரோட்டில் 37. அதில் ஊசி எவ்வளவு, தொற்று எவ்வளவு என்று அந்த எண்கள் பிரித்துச் சொல்லவில்லை.

ஊசி போட்டு இரண்டு வாரத்தில் தனியார் ஆய்வகத்துக்குப் போய் 'ஆன்டிபாடி எவ்வளவு?' என்று எண் வாங்கி வந்து, பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடும் பழக்கமும் அப்போது பரவியது. இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று எல்லைக்கோடு எதுவும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. ஊசி வேலை செய்ததா என்று பார்க்க எதிரணுச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021 மே மாதமே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லியிருந்தது. அந்த எண் எவ்வளவு போதாதது என்பதை 2022 ஜனவரியில் ஒமிக்ரான் காட்டிக்கொடுத்தது. முள்முனைப் புரதம் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மாறியிருந்ததால், எண் பெரிதாக வைத்திருந்தவர்களையும் அது தொற்றியது. பெரும்பாலோர் வீட்டிலேயே தேறினார்கள். கடும் நோயைத் தடுப்பதில் பெரும் பங்கு நினைவு செல்களுக்கும் டி செல்களுக்கும் உண்டு. டி செல்களை அளக்க வேண்டுமானால் உயிருள்ள செல்களை ரத்தத்தில் இருந்து பிரித்து, வைரஸின் துண்டுகளைக் காட்டி, அவை என்ன செய்கின்றன என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். விரல் நுனி ரத்தத்தில் கால்மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை அது.