தார்க்குச்சியும் மின்சாரமும்: வெள்ளகோவில் வட்டாரத்தில் மாடு ஓட்டிய வரலாறு

வெள்ளகோவில், காங்கேயம் பகுதிகளில் மாட்டை நடத்தியவை மூக்கணாங்கயிறும் சாட்டையும் தார்க்குச்சியும். தார்க்குச்சி என்பது நுனியில் சிறு ஆணி செருகிய கம்பு. பார வண்டி மேடேறும்போது எருதின் பின்தொடையில் அது பாயும். குத்துப்பட்ட இடம் புண்ணாகி ஈ மொய்ப்பதும் உண்டு. கொடிய கருவிதான்.

கிணற்றடியில் அந்தக் குச்சியால் பெரிய பயன் இல்லை. மழை குறைந்த இந்த மண்ணில் தோட்டப் பாசனம் கவலை இறைப்பை நம்பியிருந்தது. எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டு, நீர் மொண்ட சால் மேலே வரும். தண்ணீர் கொட்டியதும் அவை பின்னோக்கியே நடந்து சரிவேற வேண்டும். மாட்டுக்கு இயல்பல்லாத அந்த நடை, பொறுமையாகப் பழக்கினால்தான் வரும். ஓட்டுபவரின் குரலுக்குக் கட்டுப்படும் எருதுக்கே இங்கே மதிப்பு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்த காங்கேயம் இனம் பெயர் பெற்றதும் இப்படிப்பட்ட உழைப்பால்தான்.

மின்சாரம் இந்த மாடுகளின் வாழ்வில் நுழைந்தது மாட்டை ஓட்டும் மின்கோலாக அல்ல, நீர் இறைக்கும் மோட்டாராக. பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் முதலில் கோவை ஆலைகளுக்கும், பின்னர் கிணறுகளுக்கும் வந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் கோவைச் சாலைகளை மறித்தது மாட்டு வண்டிகளைக் கொண்டுதான். 1990இல் உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அதற்குள் கவலை இறைப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. சரிவில் தேய்ந்த எருதுகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் டிராக்டரும் சேர்ந்துகொள்ள, அவற்றை வளர்ப்பதற்கான காரணமும் குறைந்தது.

அந்த மின்கோலோ அமெரிக்கப் பெரும்பண்ணைகளில் பரவிய கருவி. பேட்டரியிலிருந்து வரும் உயர் மின்னழுத்தம், நுனியிலுள்ள இரு முனைகள் தோலில் பட்டதும் அதிர்ச்சி தரும். மனிதரோடு பழகாத நூற்றுக்கணக்கான மாடுகளைக் குறுகிய வழியில் ஏற்றுவதற்கு அது உருவானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதி அதையும் கட்டுப்படுத்துகிறது: நகர மறுக்கும் வளர்ந்த மாடு, பன்றிகளுக்கு மட்டும், முன்னே நகர இடம் இருந்தால், பின்தொடைத் தசையில், ஒரு விநாடிக்கு மிகாமல். இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1965ஆம் ஆண்டு விதிகள், ஆணிக் கம்பையும் கடும் வலி தரும் கூர்ங்கருவிகளையும் தடை செய்கின்றன. தார்க்குச்சி அன்றே சட்டவிரோதமாகிவிட்டது.

ஒற்றைக் கயிற்றுக்கு நடக்கும் காங்கேயம் மாட்டுக்கு மின்கோல் வேண்டியதில்லை. வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில், மாரியம்மன் கோயில் விழாவை ஒட்டிச் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தையில் அந்த மாட்டை இன்றும் காணலாம்.