மதில்மேல் ஒரு மௌனம்

கி.மு. 701-ஆம் ஆண்டு. ஜெருசலேம் நகரத்து மதில்மேல் நீங்கள் நின்றுகொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்களைச் சுற்றி ஊர் ஜனம் எட்டி எட்டிப் பார்க்கிறது. கீழே, வண்ணார் துறைக்குப் போகிற வழியில், அசீரியப் படை. அதன் முன்னால் வந்து நிற்கிறார் ரப்சாக்கே. (இது ஆளின் பெயரல்ல, பதவி. அசீரிய மன்னனின் பானபாத்திரக்காரர்களுக்குத் தலைவர். தூது, மிரட்டல் போன்ற வேலைகளும் அவர் தலையில்தான்!)

அவர் உரக்கப் பேச ஆரம்பிக்கிறார். எந்த மொழியில்? உங்கள் தாய்மொழியான எபிரேயத்தில்! பதறிப்போய் ஓடி வருகிறார்கள் யூதா மன்னரின் அதிகாரிகள். தயவுசெய்து அரமேய மொழியில் பேசுங்கள், எங்களுக்கு அது புரியும், மதில்மேல் நிற்கிற ஜனங்களுக்குக் கேட்கவேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். ரப்சாக்கே சிரித்திருக்கவேண்டும். முற்றுகை நீண்டால் பசியிலும் தாகத்திலும் சாகப்போவது இந்த ஜனங்கள்தானே, அவர்களுக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்று குரலை இன்னும் உயர்த்துகிறார். இரண்டாயிரம் குதிரை இலவசமாகத் தருகிறேன், ஏறி உட்கார உங்களிடம் ஆள் இருக்கிறதா என்று நக்கல் வேறு. உங்கள் ராஜா சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள், எந்த நாட்டுக் கடவுள் எங்களிடமிருந்து தன் ஜனத்தைக் காப்பாற்றியது என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான்! இருபது வருஷத்துக்கு முன்புதான் வடக்கே இருந்த சகோதர நாடான இஸ்ரவேலை அசீரியா விழுங்கியிருந்தது. தலைநகர் சமாரியா வீழ்ந்து, ஜனங்கள் நாடு கடத்தப்பட்டு, போன இடம் தெரியாமல் கரைந்தே போனார்கள்.

மதில்மேல் நின்ற கூட்டம் என்ன செய்தது தெரியுமா? வாயே திறக்கவில்லை. பதில் பேசக்கூடாது என்பது ராஜா உத்தரவு.

அந்த ராஜாவின் பெயர் எசேக்கியா.

இவருடைய அப்பா ஆகாஸ், பக்கத்து நாடுகள் படையெடுத்து வந்தபோது பயந்துபோய் அசீரியாவிடமே உதவி கேட்டு, கப்பம் கட்டி, அடிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தவர். மகனுக்கு அது பிடிக்கவில்லை. கி.மு. 705-ல் அசீரியச் சக்கரவர்த்தி இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் செத்துப்போனான். சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டது. அங்கங்கே கலகம். எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினார்.

சர்கோனின் மகன் சனகெரிப் சும்மா விடுவானா? எசேக்கியாவுக்கும் அது தெரியும். இந்த இடத்தில்தான் மனிதர் சுவாரஸ்யமாகிறார். ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று நம்பியவர், கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

முதலில் தண்ணீர். ஜெருசலேமுக்கு உயிர்நாடி கீகோன் ஊற்று. அது இருந்ததோ மதிலுக்கு வெளிப்பக்கம். எதிரி வந்தால் அவன் குடிப்பான், ஊர் தாகத்தில் தவிக்கும். எனவே பாறையைக் குடைந்து, ஊற்று நீரை நகருக்குள்ளே சீலோவாம் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீளம் 533 மீட்டர். இரண்டு முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் வெட்டிக்கொண்டு வந்து, நடுவில் சந்தித்தார்கள்! கடைசியில் சில முழம் பாறை பாக்கி இருக்கும்போது, இந்தப் பக்கத்து ஆட்களின் குரல் அந்தப் பக்கம் கேட்டதாக, சுரங்கச் சுவரிலேயே கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். அது 1880-ல் கண்ணில் பட்டது. கல்வெட்டில் ராஜா பெயர் இல்லை. அந்தப் பெருமை உளி பிடித்த ஆட்களுக்கு!

அடுத்து மதில். 1970-களில் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாத் தோண்டியபோது, ஏழு மீட்டர் கனத்தில் ஒரு பிரம்மாண்டச் சுவர் கிடைத்தது. எசேக்கியா காலத்துச் சுவர் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. கவனித்துப் பார்த்தால், அது குடியிருப்பு வீடுகளை இடித்து, அவற்றின் மேலேயே ஓடுகிறது! மதிலுக்காக வீடுகளை இடித்ததை ஏசாயா தீர்க்கதரிசியும் கோபத்தோடு குறிப்பிடுகிறார். இத்தனை வேலை பார்த்தீர்களே, இதையெல்லாம் படைத்தவனை நினைத்தீர்களா என்பது அவர் ஆதங்கம்.

சனகெரிப் வந்தான். யூதாவின் அரணுள்ள ஊர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மொத்தம் 46 ஊர்களைப் பிடித்ததாக அவனே களிமண் பட்டயத்தில் எழுதி வைத்திருக்கிறான். எசேக்கியா அடுத்து எடுத்த முடிவு, வீரக் கதைகளுக்குச் சற்றும் பொருந்தாத ஒன்று. ‘தப்பு செய்துவிட்டேன், கேட்டதைத் தருகிறேன்’ என்று ஆள் அனுப்பினார்! முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து தங்கம். (ஒரு தாலந்து ஏறக்குறைய 30 கிலோ.) கஜானா போதாமல், ஆலயத்துக் கதவுகளில் தானே பதித்திருந்த தங்கத் தகட்டை உரித்துக் கொடுத்தார். பக்திமான் என்று பேரெடுத்த ராஜா!

இதை பைபிளின் ராஜாக்கள் புத்தகம் மறைக்காமல் சொல்கிறது. பிற்காலத்தில் எழுதப்பட்ட நாளாகமம் புத்தகமோ நைசாக விட்டுவிடுகிறது. அசீரியக் கணக்கிலும் தங்கம் அதே முப்பதுதான். வெள்ளி மட்டும் எண்ணூறு. கப்பம் போர் முடிந்தபிறகு வந்தது என்கிறது அது.

பைபிள் சொல்கிறபடி பார்த்தால், பணம் வாங்கிக்கொண்டும் சனகெரிப் அடங்கவில்லை. ரப்சாக்கேயை அனுப்பி, ஊரையே ஒப்படை என்றான். நாம் முதலில் பார்த்த காட்சி அதுதான். மிரட்டல் கடிதமும் வந்தது. எசேக்கியா அதை எடுத்துக்கொண்டு போய் ஆலயத்தில் விரித்து வைத்துப் பிரார்த்தனை செய்தார். சுரங்கம் வெட்டியாயிற்று, மதில் எழுப்பியாயிற்று, மானத்தை விட்டுப் பணமும் கொடுத்தாயிற்று. இனி மனிதனால் செய்ய ஒன்றுமில்லை என்ற இடத்தில் நின்று, மாட்டேன் என்றார். ஒப்படைக்காதே என்று ஏசாயாவும் தைரியம் சொன்னார்.

பிறகு? கடவுளின் தூதன் ஒரே இரவில் 1,85,000 அசீரியரைக் கொன்றதாக பைபிள் சொல்கிறது. சனகெரிப்பின் படை எகிப்துப் பக்கம் போனபோது எலிகள் கூட்டமாக வந்து வில் நாண்களைக் கடித்துத் தின்ற கதையை கிரேக்க ஹெரடோடஸ் சொல்கிறார். சனகெரிப்போ எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல அடைத்து வைத்ததாகப் பீற்றிக்கொள்கிறான். ஆனால் ஜெருசலேமைப் பிடித்ததாக எங்கேயும் சொல்லவில்லை! நினிவே அரண்மனைச் சுவர் முழுக்க அவன் செதுக்கி வைத்த வெற்றிச் சிற்பம்கூட ஜெருசலேமுடையது அல்ல, லாகீஸ் என்ற ஊருடையது.

அந்தச் சிற்பங்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்கவேண்டும். கழுவேற்றப்பட்ட மனிதர்கள்... தோலை உரிக்கும் சிப்பாய்கள்... மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போகும் பெண்களும் குழந்தைகளும்... எசேக்கியா எடுத்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள். லாகீஸுக்கு அற்புதம் எதுவும் நடக்கவில்லை.

எசேக்கியாவின் மகன் மனாசே இதையெல்லாம் யோசித்தாரோ என்னவோ, அசீரியாவுக்குப் பணிந்து போனார். 55 வருஷம் ஆண்டார். பைபிள் அவரை யூதாவின் மிக மோசமான ராஜாக்களில் ஒருவராகத் திட்டித் தீர்க்கிறது. ஆனால் அவர் காலத்தில் இன்னொரு லாகீஸ் எரியவில்லை என்பதும் உண்மை.

அப்படியானால் எசேக்கியா செய்தது தவறா? 701-ல் ஜெருசலேம் விழுந்திருந்தால், சமாரியா ஜனங்களைப்போல யூதர்களும் அடையாளம் இல்லாமல் கரைந்திருக்கலாம். தப்பித்ததால் மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல், கி.மு. 586-ல் பாபிலோன் வந்து இடிக்கும்வரை, அந்த நகரம் நின்றது. அதற்குள் அந்த ஜனங்கள், நாடு போனாலும் அழியாத அளவுக்குத் தங்கள் நம்பிக்கையையும் ஏடுகளையும் வளர்த்துக்கொண்டுவிட்டார்கள். யூத மதம் பிழைத்தது. அதிலிருந்து கிறிஸ்துவம் பிறந்தது.

ஒரு மனிதர் சொன்ன ‘மாட்டேன்’ என்ற வார்த்தைக்கு எவ்வளவு நீளம் பாருங்கள்! அந்த வார்த்தைக்குப் பின்னால் 533 மீட்டர் பாறையை வெட்டியவர்களும் இருக்கிறார்கள். மாட்டுவண்டியில் ஏறிப்போன லாகீஸ் ஜனங்களும் இருக்கிறார்கள். எசேக்கியாவைப் பாராட்டும்போது இவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.