பைக்குள் ஒரு தெள்ளுப்பூச்சி

மாதம் இரண்டு முறையாவது வேலைக்காக ஊர் மாறுகிறவன் நான். முதுகுப்பையில் லேப்டாப், சார்ஜர், இரண்டு சட்டை போக மிச்சமிருப்பது நாலு விரல் அகலம். அதற்குள் நுழையும்படி ஒல்லியான உடம்புள்ள யுகுலேலே ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று வழக்கமான தொப்பையோடு, இன்னொன்று அதில் பாதி ஆழம். "ஒல்லி வேணாண்ணா, சத்தமே வராது" என்றான். அவனுடைய முதலாளி உள்ளேயிருந்து, "அதெல்லாம் ஒண்ணும் வித்தியாசம் தெரியாது, தாராளமா எடுத்துக்கங்க" என்றார். ரெண்டு பேரில் யார் சொல்வது சரி என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன். அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தவன் போய் நின்ற இடம் 1879.

அந்த ஆகஸ்டில் ராவன்ஸ்க்ராக் என்ற கப்பல் ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மடைராத் தீவிலிருந்து நாலு மாதப் பயணம். உள்ளே சுமார் நானூறு பேர், கைக்குழந்தைகள் உட்பட. எல்லாம் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். நாலு வருஷத்துக்கு முன்பு ஹவாய் முடியரசு அமெரிக்காவோடு ஓர் உடன்படிக்கை செய்திருந்தது. ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்காவில் வரி கிடையாது. தோட்டங்கள் பெருகின. கரும்பு வெட்டத்தான் ஆள் இல்லை.

கரும்பு, கப்பல், ஒப்பந்தம் என்றதும் நமக்கு வேறொரு தீவு ஞாபகம் வரும். அதே 1879 மே மாதம் லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் இந்தியக் கூலிகளை ஃபிஜியில் இறக்கியது. தமிழர்கள் அங்கே போனது பிறகு, 1903 முதல். ஒரே வருஷம், ஒரே பசிபிக், ஒரே பயிர்.

ராவன்ஸ்க்ராக்கில் வந்தவர்களில் மூன்று பேர் மரவேலைக்காரர்கள்: மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ. ஊரில் கைவினைஞர்கள், இங்கே கூலிகள். கப்பல் வந்த சில நாட்களிலேயே, மடைராக்காரர்கள் ராத்திரியில் தெருவில் வாசித்துப் பாடுவதைப் பற்றி ஹொனலுலு பத்திரிகை எழுதிவிட்டது. அவர்கள் கையில் இருந்தது மஷெட் என்ற நாலு தந்தி வாத்தியம். இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பக்கூடிய அளவு. ஏழை புலம்பெயரும்போது பியானோவா எடுத்துப் போக முடியும்?

தோட்ட வேலை முடிந்து, 1880களின் நடுவில் மூவரும் ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். மஷெட்டின் உடம்பை எடுத்துக்கொண்டார்கள். சுருதியை அதன் அண்ணனான ஐந்து தந்தி ரஜாவோவிலிருந்து எடுத்தார்கள். மரத்துக்கு உள்ளூர் கோவா. அரசர் கலாகாவா இதை ரசித்தார். மிஷனரிகள் பாவம் என்று ஒதுக்கிய ஹுலா நடனத்தை அரண்மனைக்குத் திரும்பக் கூட்டி வந்தவர் அவர். ஹுலாவுக்குப் பக்கவாத்தியமாக யுகுலேலேயும் உள்ளே வந்தது. கூலிகளின் வாத்தியம் பத்து வருஷத்துக்குள் ராஜ வாத்தியம்.

ஹவாய் மொழியில் 'உகு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் துள்ளுவது. தந்திகள் மேல் விரல்கள் துள்ளுவதைப் பார்த்து வைத்த பேர் என்பார்கள். ராணி லில்லியுவோகலானி வேறு பொருள் சொன்னார்: இங்கே வந்து சேர்ந்த பரிசு. எனக்கு ராணியின் பொருள்தான் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் மொழியியல் அல்ல.

1893 ஜனவரியில் சர்க்கரை முதலாளிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையில் நிற்க அந்த ராணியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1895ல் அவரது அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறை வைத்தார்கள். அங்கே அவர் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1896ல் பள்ளிகளில் பயிற்று மொழி ஆங்கிலம்தான் என்று சட்டம் வந்தது. 1898ல் அமெரிக்கா தீவுகளை எடுத்துக்கொண்டது. 1915ல் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய கண்காட்சி, 1.8 கோடிக்கு மேல் வருகைகள். அதில் ஹவாய் அரங்கில் யுகுலேலே கேட்டவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த சில வருஷங்களில் ஹவாய் மொழி மாதிரி ஒலிக்கிற, அர்த்தமே இல்லாத சொற்களை வைத்து நியூயார்க்கில் பாட்டு எழுதிக் குவித்தார்கள். அந்த மொழியின் சொந்தப் பிள்ளைகள் அதைப் பள்ளியில் பேசினால் தண்டனை வாங்கிய காலம் அது. வாத்தியம் ஊர் ஊராகப் போனது. மொழி வீட்டுக்குள் சுருங்கியது.

சரி, ஒல்லி உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1907லேயே சில யுகுலேலேக்கள் செய்து பார்த்தது. விலை போகவில்லை. கிட்டார் புத்தியில், ஸ்ப்ரூஸ் பலகை போட்டு உள்ளே தாங்குக்கட்டைகளை அதிகமாக வைத்துவிட்டார்கள். பலகை அதிரவே இல்லை. பிறகு மஹோகனியில், எடை குறைத்துச் செய்ததும் விற்றுத் தீர்ந்தது. அதாவது முதல் கேள்வி பெட்டி எவ்வளவு ஆழம் என்பதல்ல, மேல்பலகை எவ்வளவு லேசு என்பது. கடைப் பையன் இதைச் சொல்லவில்லை.

ஆனால் அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. வாயகன்ற பாட்டிலின் மேல் ஊதினால் ஒரு ஸ்வரம் வருமல்லவா, வாத்தியப் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் அப்படி ஒரு ஸ்வரம் உண்டு. துளை அப்படியே இருக்க, கொள்ளளவைப் பாதியாக்கினால் அது ஏறத்தாழ 1.41 மடங்கு மேலே போகும். நம் கணக்கில் ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு. அதற்குக் கீழே உள்ள ஸ்வரங்களுக்குப் பெட்டியின் ஆதரவு குறையும். கிட்டாரில் இது பெரிய இழப்பு, ஏனென்றால் அதன் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். யுகுலேலேயின் வழக்கமான சுருதியிலோ நாலாவது தந்தியும் மேல் ஸ்தாயியில்தான் நிற்கிறது. மிகக் கீழான ஸ்வரம் 262 ஹெர்ட்ஸ். இழக்க அவ்வளவு ஆழம் அதில் முதலிலேயே கிடையாது. ரஜாவோ கொடுத்த அந்த விசித்திரச் சுருதி, ஒல்லி உடம்பைக் காப்பாற்றுகிறது. நாலாவது தந்தியை கனமாக்கி 196 ஹெர்ட்ஸுக்கு இறக்கி வாசிக்கிற ஆளாக இருந்தால், பையன் பேச்சைக் கேட்பது நல்லது.

பயண யுகுலேலே என்ற யோசனையே நம் காலத்தது என்று நினைத்திருந்தேன். 1926 மே 9 அன்று ரிச்சர்ட் பேர்ட் வட துருவத்தை நோக்கி விமானத்தில் பறந்தபோது, அவருக்குத் தெரியாமல் அதில் ஒரு மார்ட்டின் யுகுலேலே இருந்தது. பயணக் குழுவில் இருந்த ரிச்சர்ட் கான்ட்டர் என்ற மாலுமியுடையது. விமானி ஃபிளாய்ட் பென்னெட் ஒளித்து வைத்துக் கொண்டு போனார். விமானம் உண்மையிலேயே துருவத்தைத் தொட்டதா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். யுகுலேலே போனதில் சந்தேகமில்லை. கான்ட்டர் பிற்பாடு அதில் எடிசன், லிண்ட்பெர்க் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். மங்கிப்போன அந்தக் கையெழுத்துகளோடு இன்று அது மார்ட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுவாரம் அதே கடைக்குப் போனேன். சொப்ரானோ அளவு, மொத்த நீளம் 53 சென்டிமீட்டர். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 55 வரை விடுவார்கள். முழு மரம் வேண்டாம், ஒட்டுப்பலகையே போதும் என்றேன். ஏசியிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடக்கப் போகிறது, முழு மரம் வெடித்தால் மனசு தாங்காது. மேல்பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து ஐந்தில் ஒன்றை எடுத்தேன். "தேங்கா வாங்குற மாதிரி தட்டுறீங்களேண்ணா" என்றான் பையன்.

போன மாதம் ரயிலில் எதிர் இருக்கைப் பாட்டி பையை எட்டிப் பார்த்து, "குட்டி கிட்டாரா தம்பி?" என்றார். பேரைச் சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு பாஷை?" என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன், காட்பாடி வரை போயிற்று.